நான்காவது ஒன்பது

எந்தக் கடிதம் வந்தாலும் அடிக்குறிப்பிலிருந்து படிக்கத் தொடங்கும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. ஆறு வருஷம் ஆராய்ச்சி மாணவனாக உட்கார்ந்தால் யாருக்கும் இது வந்துவிடும். மேலே பெரிய எழுத்தில் என்ன வேண்டுமானாலும் அளந்துவிடலாம். எங்கிருந்து எடுத்தாய் என்பது கீழே பொடி எழுத்தில்தான் இருக்கும். அதனால் அக்காவின் அடைக்கல விண்ணப்பத்துக்குக் குடியேற்ற அலுவலகத்திலிருந்து வந்த பதில் கடிதத்தையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் திறந்தேன்.

அக்கா சமையலறை மேடையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். கையில் ஈரத் துணி. "என்னடா சொல்றாங்க?" என்றாள்.

பதினேழாம் அடிக்குறிப்பில் எங்கள் பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தது. எங்கள் துறையின் பெயர், நாங்கள் தொகுத்த தரவுத் தொகுப்பின் பெயர், பக்க எண் எல்லாம் இருந்தன. இது எதற்காகப் போட்டது என்று மேலே தேடினேன். "விண்ணப்பதாரர் கூறும் மாவட்டத்தில், அவர் கூறும் மாதத்தில், அரசுப் படைகள் பொதுமக்களைக் கூட்டமாகப் பிடித்துச் சென்ற நிகழ்வுகளின் எண்ணிக்கை: பூஜ்யம்." ஆகவே விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. மேல்முறையீட்டுக்கு இருபத்தொரு நாள். அதிலும் தோற்றால் முப்பது நாளில் மூட்டை கட்ட வேண்டும்.

அந்தப் பூஜ்யத்தைப் போட்டவன் நான்தான்.

"நிராகரிச்சுட்டாங்க அக்கா. மேல்முறையீடு பண்ணலாம்."

"ஏனாம்?"

"ஆதாரம் பத்தலையாம்."

அவள் மேடையை மறுபடி துடைக்க ஆரம்பித்தாள். ஏற்கெனவே துடைத்த மேடைதான். திரும்பிப் போனால் என்ன ஆகும் என்று நாங்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை. எங்கள் ஊர் நூற்பாலையில் தொழிலாளர்கள் வரும்போதும் போகும்போதும் குத்தும் கார்டுகளைக் கவனித்த டைம் ஆபீஸ் கிளார்க்கை, அதாவது அக்காவை, தேடி இரண்டு பேர் மாதத்துக்கு ஒருமுறை பழைய வீட்டுக்கு இன்றும் வந்துபோகிறார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு அக்கா, "ஒருநாள்கூட லேட்டா வர்றதில்லையாம் பாரு, இவங்களை மில்லுல சேர்த்திருக்கணும்" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

நான் என்ன படிக்கிறேன் என்பது அக்காவுக்கு இன்றுவரை பிடிபடவில்லை. "ரெண்டு நாட்டைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கறது" என்று ஒருமுறை சொல்லப்போக, "அதுக்கா ஆறு வருஷம்?" என்று கேட்டாள். கேட்டது நியாயம்தான். ஆனால் ஒப்பீட்டு அரசியலுக்கு வேறு வழி கிடையாது. நாட்டைச் சோதனைக் குழாயில் போட்டுக் குலுக்க முடியாது. ஒரு நாட்டில் தேர்தலை நிறுத்திப் பார்த்து, என்ன ஆகிறது என்று குறித்துக்கொண்டு, பிறகு பழையபடி விட்டுவிட முடியாது. அதனால் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒத்துப்போகும் இரண்டு நாடுகளை எடுத்துக்கொள்வோம். ஒரே மாதிரி வரலாறு, ஒரே மாதிரி வருமானம், ஒருவரைப் பார்த்து ஒருவர் காப்பியடித்த அரசியல் சட்டம். ஒன்றில் ரத்தம் ஓடுகிறது, மற்றதில் ஓடவில்லை என்றால், இரண்டுக்கும் நடுவில் மிச்சமிருக்கும் வித்தியாசத்தில்தான் காரணம் இருக்க வேண்டும். என் ஆய்வு இந்த வகை. ரத்தம் ஓடிய நாடு பக்கத்து நாடு. ஓடாத நாடு, நானும் அக்காவும் பிறந்த நாடு.

ஓடவில்லை என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் தரவுத் தொகுப்பு. துறையில் நாங்கள் எட்டுப் பேர் பழைய செய்தித்தாள்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்து, மாவட்டம் மாவட்டமாக, மாதம் மாதமாகக் கட்டங்களை நிரப்புவோம். நடந்தது என்றால் ஒன்று. நடக்கவில்லை என்றால் பூஜ்யம். செய்தியே கிடைக்கவில்லை, நடந்ததா இல்லையா என்று சொல்ல வழியில்லை என்றால் ஒன்பது. ஒவ்வொரு கட்டத்தையும் இரண்டு பேர் தனித்தனியாக நிரப்ப வேண்டும். நிரப்புகிறவர் தனக்குச் சொந்த முறையில் தெரிந்ததையோ, காதில் விழுந்ததையோ எழுதக் கூடாது. பட்டியலில் உள்ள பத்திரிகைகளில் இருப்பது மட்டும்தான் செல்லும். ஒரு நாட்டுக்கு மூன்று ஒன்பதுக்கு மேல் விழுந்துவிட்டால் அந்த நாட்டை ஒப்பீட்டிலிருந்தே தூக்கிவிடுவார்கள். ஓட்டையை வைத்துக்கொண்டு எதை ஒப்பிடுவது?

என் நாட்டுக்கு ஏற்கெனவே மூன்று ஒன்பது விழுந்திருந்தது.

அந்த மாதத்துக் கட்டத்துக்கு நான் வந்து சேர்ந்தது இரண்டு வருஷத்துக்கு முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். எங்கள் ஊர், எங்கள் மாவட்டம், ஆலையில் வேலைநிறுத்தம் நடந்த மாதம். அந்த மாவட்டப் பதிப்பு பதினொரு நாள் அச்சாகவே இல்லை. தலைநகரப் பதிப்பு மட்டும் தவறாமல் வந்திருந்தது. அந்த வாரம் பூராவும் அதில் ஒரு பாலம் திறப்பு விழா. ஆலையைப் பற்றி ஒரு வரி கிடையாது.

என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியும். நடந்த மறுநாளே அக்கா போன் பண்ணியிருந்தாள். "உள்ள வந்த கார்டுல நாப்பத்து மூணு கார்டு வெளிய போகலடா" என்றாள். அவளால் அதை அப்படித்தான் சொல்ல முடிந்தது. இருபது வருஷம் கார்டுகளோடு வாழ்ந்தவள். பிறகுதான் அழுதாள். நான் நூலக வராந்தாவில் நின்றபடி, "நீ ஜாக்கிரதையா இரு அக்கா, யார்கிட்டயும் சொல்லாதே" என்றேன். தம்பி என்கிற முறையில் நான் கொடுத்த அறிவுரை அவ்வளவுதான்.

நியாயமாக அந்தக் கட்டத்தில் ஒன்பது போட்டிருக்க வேண்டும். மாவட்டப் பதிப்பு வரவில்லை, ஆகவே தெரியாது. ஆனால் அது நான்காவது ஒன்பது. போட்டால் நாடு விழும், நாடு விழுந்தால் என் நாலு வருஷ உழைப்பும் சேர்ந்து விழும். விதிப்புத்தகத்தைப் புரட்டினேன். "பட்டியலில் உள்ள ஏதேனும் ஒரு பத்திரிகை வெளிவந்து, அதில் செய்தி இல்லையெனில் பூஜ்யம் எனக் கொள்ளலாம்." கொள்ளலாம் என்றுதான் இருந்தது. தலைநகரப் பதிப்புதான் வெளிவந்திருக்கிறதே. பூஜ்யம் போட்டேன்.

அதோடு விட்டிருந்தால் வெறும் சுயநலம் என்று ஒப்புக்கொண்டிருப்பேன். நான் அதற்கு நடுநிலை என்று பெயர் வைத்தேன். அக்கா சொன்னதை வைத்து எழுதினால் பாசம் புகுந்துவிடும், சொந்த ஊர் என்பதால் இன்னும் கறாராக இருக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டாவதாக அதே கட்டத்தை நிரப்பியவள் எங்கள் துறையில் எல்லோரும் பொடிசு என்று கூப்பிடும் மாணவி. அவளும் அதே பத்திரிகையைப் படித்து, அதே பாலத்தைப் பார்த்து, பூஜ்யம் போட்டிருந்தாள். நூற்றுக்கு நூறு பொருத்தம். துறைக் கூட்டத்தில் பேராசிரியர், "சொந்த நாட்டுக் கட்டத்தையே இவ்வளவு ஈவிரக்கம் இல்லாம நிரப்பற ஆளை நான் பாத்ததே இல்லை" என்றார். அன்றைக்கு எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

கடிதம் வந்த மறுநாள் காலை அவருடைய அறைக்குப் போனேன். எதையும் இந்தப் பக்கம் இவ்வளவு, அந்தப் பக்கம் இவ்வளவு என்று நிறுத்திப் பார்த்தே பேசுவார் என்பதால் அவருக்குத் தராசு என்று பெயர். கெட்டவர் இல்லை. கடிதத்தைப் படித்தார், கண்ணாடியைக் கழற்றினார்.

"இது உங்க அக்காவா?"

"ஆமா சார். அந்தக் கட்டத்தை ஒன்பதா மாத்தணும். மாவட்டப் பதிப்பு வரவே இல்ல. நான்தான் தப்பா போட்டேன்."

"தப்புன்னு சொல்ல முடியாது. விதி இடம் கொடுக்குது."

"சார், விதி இடம் கொடுத்த தப்பு."

"மாத்தினா நாடு விழும். உங்க ஆய்வு அதோட போச்சு. யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன். போகட்டும்." உண்மையில் நான் யோசிக்கவே இல்லை. அந்த நேரத்தில் பட்டமாவது ஒன்றாவது என்றுதான் இருந்தது. ஆறு வருஷத்தைத் தூக்கிக் கொடுக்கிறோமே, அதற்குப் பதிலாக ஏதாவது கிடைத்துவிடும் என்று ஒரு அசட்டு நம்பிக்கை.

தராசு மெதுவாகச் சொன்னார்: "உங்க ஆய்வு விழறதுல எனக்கு வருத்தம். ஆனா அது விழுந்தாலும் உங்க அக்கா எழுந்து நிக்க மாட்டாங்களே. வெளியிட்ட தொகுப்பை நடுவுல தொட முடியாது. நாப்பது நாட்டு அரசாங்கம் அதை எடுத்துப் பயன்படுத்துது. இன்னிக்கு உங்களுக்காக ஒரு கட்டத்தை மாத்தினா, நாளைக்கு ஒரு மந்திரி வந்து இன்னொரு கட்டத்தை மாத்தச் சொல்வார். அடுத்த பதிப்பு எட்டு மாசம் கழிச்சு. அதுவரைக்கும் பொறுக்கணும்."

"எட்டு மாசத்துல அவ அங்க இருப்பா சார்."

"தெரியுது. இன்னொண்ணும் இருக்கு. சொந்தக்காரங்க சம்பந்தப்பட்ட கட்டத்துல நீங்க இனிமே கை வைக்கவே கூடாது. அந்த விதியை எழுதினதே நீங்கதானே, போன வருஷம்."

நான்தான் எழுதியிருந்தேன். மூன்று திருத்தம் போட்டு, ஒரு சந்து பொந்து விடாமல் அடைத்து எழுதிய விதி. அவர் மேல் கோபப்படக்கூட எனக்கு வழியில்லாமல் போயிற்று. கடைசியில் ஒரு கடிதம் கொடுத்தார். "மேற்படி எண் மறுபரிசீலனையில் உள்ளது" என்று ஒரே வரி, கீழே கையெழுத்து, துறை முத்திரை.

பொடிசைப் போய்ப் பார்த்தேன். கேன்டீனில் உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் அவள் கண் கலங்கிவிட்டது. "நான் வேணும்னா வந்து சொல்றேன் அண்ணா. ஆனா என்னன்னு சொல்லட்டும்? நான் படிச்சதுல ஒண்ணுமே இல்லை. எனக்கு அந்தப் பாலம்தான் ஞாபகம் இருக்கு."

அக்காவின் மேல்முறையீட்டை எடுத்துக்கொண்ட வக்கீல் அம்மாள் மட்டும் கொஞ்சம் தெம்பு கொடுத்தாள். ஒடிசலான பெண், மேஜை முழுக்கக் கோப்புகள், ஒரு நிமிஷத்துக்கு ஒருமுறை போன் அடிக்கும். "நடந்ததுன்னு நிரூபிக்க வேண்டாம்" என்றாள். "நடக்கலைன்னு சொல்ல முடியாதுன்னு காட்டினாலே போதும். பூஜ்யம்தான் நம்ம கழுத்தைப் பிடிக்குது. தெரியலைன்னு இருந்திருந்தா சந்தேகத்தோட பலன் உங்க அக்காவுக்குத்தான் வந்திருக்கும்."

அப்படியென்றால் என் ஒன்பதே அவளைக் காப்பாற்றியிருக்கும். நடந்தது என்று சொல்லும் ஒன்றுகூட வேண்டியிருக்கவில்லை. கட்டத்தில் சும்மா ஒரு ஒன்பது. அதைக் கேட்டபோது எழுந்து வெளியே ஓடிவிடலாம் போல் இருந்தது.

"நான் சாட்சி சொல்றேன்" என்றேன். "அந்த எண்ணைப் போட்டவனே வந்து தப்புன்னு சொன்னா ஏத்துக்குவாங்க இல்லையா?"

வக்கீல் அம்மாள் பேனாவைக் கடித்தபடி என்னைப் பார்த்தாள். "ஏத்துக்கலாம். ஆனா வாயைக் கொடுத்து மாட்டிக்காதீங்க. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. உங்க அக்காவுக்கு இது தெரியுமா?"

"இன்னும் சொல்லல."

"முதல்ல சொல்லிடுங்க."

சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் சொல்லலாம் என்றுதான் வீட்டுக்கு வருவேன். கதவைத் திறந்ததும் அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "இன்னிக்குப் பன்னண்டு நிமிஷம் லேட்டு" என்பாள். சாப்பாடு போடுவாள். "நீ இருக்கறதால எனக்கு பயமில்லடா. படிச்சவன் கூட இருந்தா நாலு வார்த்தை எடுத்துச் சொல்லுவான்" என்பாள். இதற்கு மேல் எங்கிருந்து ஆரம்பிப்பது? சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டுத் தூங்கப் போவேன்.

விசாரணை ஒரு சாதாரண அறையில் நடந்தது. நீள மேஜை, நாலு நாற்காலி, ஒரு தண்ணீர்க் கூஜா, பதிவு செய்யும் கருவி. விசாரணை அதிகாரி வயதானவர், மூக்கடைப்பு வேறு. ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் கைக்குட்டையைத் தேடினார். அக்காவிடம் மரியாதையாகத்தான் பேசினார். அக்கா சொன்னாள். படைக்காரர்களின் லாரி இரண்டு, கம்பி வலை போட்டது. பகல் ஷிப்ட் முடிய ஐம்பது நிமிஷம் இருக்கும்போது சங்கு ஊதினார்கள். கார்டு நாற்பத்து மூன்று. அவர் குறித்துக்கொண்டார். பேராசிரியரின் கடிதத்தை எடுத்துப் பார்த்தார்.

"இது நாங்க நிராகரிச்சதுக்கு அப்புறம் எழுதின கடிதம்" என்றார். "மறுபரிசீலனைன்னு இருக்கு. மாத்திட்டாங்கன்னு இல்ல."

வக்கீல் அம்மாள் என்னைக் கூப்பிட்டாள். நான் போய் உட்கார்ந்தேன். அக்கா என் பக்கம் பார்த்து லேசாகத் தலையாட்டினாள், தைரியமாகப் பேசு என்கிற மாதிரி.

"இந்த எண்ணைப் போட்டது நீங்கதானா?" என்றார் அதிகாரி.

"ஆமா."

அக்காவின் தலை நிமிர்ந்தது எனக்கு ஓரக்கண்ணில் தெரிந்தது.

"போடும்போது யாராவது மிரட்டினாங்களா?"

"இல்ல."

"விதிப்படிதான் போட்டீங்களா?"

"விதியில ரெண்டுக்கும் இடம் இருந்தது. எனக்கு வசதியானதை எடுத்துக்கிட்டேன். அது பூஜ்யம் இல்ல. தெரியாதுன்னு போட்டிருக்கணும்."

அவர் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தார். "நீங்க ஆராய்ச்சி பண்றவர். உங்ககிட்டயே கேக்கறேன். ஒரே சாட்சி ரெண்டு விதமா சொல்றார். ஒண்ணு, தனக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாத காலத்துல சொன்னது. இன்னொண்ணு, சொந்த அக்கா எதிர்ல உட்கார்ந்திருக்கும்போது சொல்றது. எதை எடுத்துக்கணும்?"

முதல் வருஷ மாணவர்களுக்கு நான் நடத்தும் பாடம் இது. ஆதாயம் இல்லாதபோது சொன்னதை எடுத்துக்கொள் என்று கரும்பலகையில் எழுதி அடிக்கோடு போடுவேன். "அப்பவும் எனக்கு ஆதாயம் இருந்தது. என் ஆய்வு இருந்தது" என்றேன். அது அந்த அறையில் யாருக்கும் ஒரு விஷயமாகத் தெரியவில்லை.

"சரி. அந்த எண்ணைப் போடும்போது, உங்க அக்கா இப்ப சொன்ன சம்பவம் உங்களுக்குத் தெரியுமா?"

வக்கீல் அம்மாள் பேனாவை மேஜையில் வைத்தாள். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அது இன்றுவரை என்னைக் குடைகிறது. ஒரே ஒரு பொய், அதுவும் உண்மைக்காக. ஆனால் உண்மையைச் சொன்னால் எடுபடும் என்று நம்பி வந்தவன் நான்.

"தெரியும். அடுத்த நாளே போன்ல சொன்னா."

"தெரிஞ்சும் பூஜ்யம் போட்டீங்க."

"ஆமா."

"அப்ப அந்தச் சம்பவத்துல உங்களுக்கே நம்பிக்கை வரலைன்னு நான் எடுத்துக்கலாமா?"

"இல்ல. நம்பினேன். ஆனா நாங்க காதுல விழுந்ததை எழுதறதில்ல." சொல்லும்போதே அது எப்படி ஒலிக்கிறது என்று எனக்குக் கேட்டது. அதிகாரி எழுதிக்கொண்டார். வேகமாக எழுதவில்லை, நிறுத்தி நிதானமாக எழுதினார். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் தண்ணீர்க் கூஜாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸில் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். ஐந்து நிறுத்தம் தாண்டிய பிறகு ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, "அன்னிக்கு போன்ல அழுதேனேடா" என்றாள். நான் மன்னிச்சுடு அக்கா என்றேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சின்ன வயதில் நான் எதையாவது உடைத்துவிட்டு நின்றால், முதுகில் ஒன்று வைத்துவிட்டு அடுத்த நிமிஷமே மறந்துபோகிறவள் அவள். இப்போது முதுகில் எதுவும் விழவில்லை.

மூன்றாம் நாள் தீர்ப்பு வந்தது. இந்தத் தடவை மேலிருந்து கீழாகப் படித்தேன். மேல்முறையீடு தள்ளுபடி. காரணங்களில் நான்காவது: "விண்ணப்பதாரரின் சொந்தச் சகோதரரே, சம்பவத்தை அறிந்திருந்தும், அதைப் பதிவு செய்யத் தக்கதாகக் கருதவில்லை." நான் போகாமல் இருந்திருந்தால் அந்தத் தீர்ப்பில் மூன்று காரணம்தான் இருந்திருக்கும். வக்கீல் அம்மாள் போனில் பெருமூச்சு விட்டாள். "புதுசா ஏதாவது ஆதாரம் கிடைச்சா, முப்பது நாளுக்குள்ள இன்னொரு தடவை மனு போடலாம். அக்கா சொல்றதை முதல்லேந்து, மணி நேரத்தோட, விவரமா எழுதி வாங்குங்க. அதுலேந்து எதையாவது பிடிக்க முடியுதான்னு பாக்கலாம்."

அன்று மத்தியானம் அக்காவே நோட்டைக் கொண்டுவந்து சமையலறை மேஜையில் போட்டாள். பேனாவையும் வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"எழுது. மொதல்லேந்து சொல்றேன். இப்பவாவது எழுது."

எழுதினேன். இவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் எழுதியதில்லை. அவள் சொல்லச் சொல்ல, ஒரு சொல் விடாமல் எழுதினேன். டைம் ஆபீஸுக்கு இரண்டு ஜன்னல். ஒன்று வாசலைப் பார்த்தது, இன்னொன்று முற்றத்தைப் பார்த்தது. மணி ஒன்று பத்துக்குச் சங்கு. யாரோ ஷிப்ட் முடிந்தது என்று நினைத்துக் கார்டைக் குத்த ஓடி வந்தான், அவனை வழியிலேயே மறித்தார்கள். நூல் சுற்றும் பிரிவிலிருந்து ஒருத்தி, தினமும் அக்காவோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவள், செருப்பு ஒன்று கழன்று விழுந்ததைக் குனிந்து எடுக்கப் பார்த்தாள். எடுக்க விடவில்லை. அக்கா மேஜைக்கு அடியில் போய்விட்டாள். லாரிச் சத்தம் போன பிறகு எழுந்து, வேறு என்ன செய்வது என்று தெரியாமல், கார்டுகளை எண்ணினாள். வேலைநிறுத்தத்தில் சேராதவர்களை முன்னதாகவே கார்டு குத்தி வெளியே அனுப்பியிருந்தார்கள்; உள்ளே வந்தவர்கள் பலகையில் மிச்சம் நாற்பத்து மூன்று. மறுபடி எண்ணினாள். மூன்றாவது தடவை பெயரைப் படித்தபடி எண்ணினாள்.

தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். குடித்துவிட்டு, "எழுதிட்டியா?" என்றாள்.

"எழுதிட்டேன். கார்டெல்லாம் இப்ப எங்க இருக்கு?"

"அன்னிக்கே வந்து எடுத்துட்டுப் போயிட்டாங்க. பலகையோட."

அதைக் குறித்துக்கொண்டேன். பக்கம் நிறைந்திருந்தது, அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். என்ன விட்டுப்போயிற்று என்று மேலிருந்து கீழே ஓட்டிப் பார்த்தேன். இடம் இருக்கிறது, நேரம் இருக்கிறது, எண்ணிக்கை இருக்கிறது. கை தானாகப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு கோடு இழுத்தது. வாயும் தானாகத் திறந்தது. ஆறு வருஷமாக ஒவ்வொரு செய்தியிடமும் கேட்ட கேள்விதான். அதைக் கேட்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

"உன்னைத் தவிர வேற யாராவது பாத்தாங்களா அக்கா?"

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை.

"பாத்தாங்களே. நாப்பத்து மூணு பேர் பாத்தாங்க" என்றாள். "அவங்களைத்தான்டா லாரியில ஏத்தினாங்க."